பூவாயி கேட்ட சத்தியம்

கேளுங்கள். மனதைத் தேற்றுகிற கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள், எனக்கு அதெல்லாம் அலுத்துவிட்டது.

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய காலம். யாருக்கு யார் உறவு என்று எந்த மகராசன் கேட்டான்? நெஞ்சு நோயில் படுத்துவிட்ட பூவாயி இங்கேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. மகள் கனகம், தம்பி சடையாண்டி, கூடவே கொழுந்து பறித்த தோழி பாக்கியம், மூவரும் போயாக வேண்டும். போனால் திரும்ப வழியில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

பூவாயி மூவரிடமும் சத்தியம் வாங்கினாள்.

"சொல்லிட்டுப் போங்க. பொய் சொல்லாம சொல்லிட்டுப் போங்க. வாசலப் பாத்துக்கிட்டே கெடந்து சாக என்னால ஏலாது."

கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். நரம்பில்லாத நாக்கு, எதைத்தான் சொல்லாது!

ஆனால் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. புறப்படுகிறவர் 'போயிட்டு வாறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வெறும் 'போறேன்' அபசகுனம். ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போவது சாவு வீட்டில் மட்டும். இனி வரப்போவதே இல்லாதவர்கள் எதைத்தான் சொல்லுவார்கள், பாவம்?

காலையில் லாரி வந்து நின்றது. பூவாயி படுத்திருந்த அறைக்குள் சடையாண்டி முதலில் போனான்.

"போயிட்டு வாறேன்க்கா."

"போயிட்டு வாப்பா" என்றாள் பூவாயி.

அடுத்து பாக்கியம். பூவாயி கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, தலைமாட்டில் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பேசாமல் வெளியேறினாள். பூவாயி தூங்கவில்லை.

கடைசியில் கனகம். அழுதுகொண்டே சொன்னாள்: "நா போறேம்மா. இனி வரமாட்டேன்."

பூவாயிக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ! "நாசமாப் போறவளே, பெத்தவகிட்ட சொல்ற பேச்சாடி இது?" என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் கேட்கக் கத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கனகம் நின்று பார்த்தாள். லாரி ஹாரன் அடித்தது. போய் ஏறிக்கொண்டாள்.

ஒருவன் வழக்கத்தைக் காத்தான், ஒருத்தி நோயாளியின் தூக்கத்தைக் காத்தாள், ஒருத்தி சத்தியத்தைக் காத்தாள். இதில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், கனகம்தான். மலையேறும் ஒவ்வொரு லாரிக்கும், தம்பி வந்துவிட்டான் என்று பூவாயி எழுந்து உட்கார்ந்தாள். பாக்கியத்தை நினைத்தபோதெல்லாம், "நா உசுரோட இருக்கயிலயே பொணமாக்கிட்டா" என்று குமுறினாள். மகளுக்காக மட்டும் அன்றே நெஞ்சடைக்க அழுது தீர்த்தாள், வாசலைப் பார்க்கவில்லை. சடையாண்டி கப்பலில் நன்றாகத் தூங்கினானாம். கனகத்துக்கோ, அம்மா கடைசியாகத் தன்னிடம் பேசியது அந்த வசவுதான். அது அவள் சாகும்வரை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.