பிடுங்கிப் பார்த்த விரால்

மூங்கில் மண்டிய ஒரு காட்டில், ஓடை வற்றி அங்கங்கே குட்டையாகத் தேங்கி நிற்கும் கோடைக்காலம் அது. அப்படி ஒரு குட்டையில் ஒரு விரால் மீன் குடியிருந்தாள். கவலைப்படுவதுதான் அவளுக்கு முழுநேர வேலை. தண்ணீர் சூடேறினால் கவலைப்படுவாள். ஆறினால், ஏன் ஆறியது என்று கவலைப்படுவாள்.

ஆனால் குழந்தைகளே, இந்தத் தடவை அவள் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு யானைக் கூட்டம் குட்டையில் இறங்கி ஆசைதீரக் குளித்தது. இருந்த பாசி, கொடி, தண்டு எல்லாவற்றையும் மிதித்துத் துவைத்துவிட்டுப் போனது. அடியில் வெறும் மணல்தான் மிச்சம். விராலின் குஞ்சுகளுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இலைகூட இல்லை. நாவல் கிளையில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி, அத்தனை குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டது.

இப்போது மறுபடியும் அவள் வயிறு நிறைய முட்டை.

"நண்டு அண்ணே, எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்த மொட்டைக் குட்டையில் பிள்ளைகளை எப்படி வளர்ப்பேன்?" என்று அவள் பக்கத்து வளை நண்டிடம் புலம்பினாள்.

நண்டுக்குப் பேச்சு கொஞ்சம் கடுப்பாக வரும். ஆனால் எடுத்த வேலையை முடிக்கும்.

"புலம்பினால் பாசி முளைக்குமா? மேல் மடுவில் வேலம்பாசியும் கொட்டிக்கிழங்கும் அல்லிக்கிழங்கும் நிறைய இருக்கின்றன. நான் கொண்டுவந்து நட்டுத் தருகிறேன். எது எங்கே என்று நீ சொல்."

நண்டு கரையேறிப் போய், கொடுக்கில் இடுக்கி இடுக்கிக் கொண்டுவந்தது. விரால் வீட்டை ஜோடிக்க ஆரம்பித்தாள். உயரமான வேலம்பாசி பின்னால், சுருள் இலைக் கொட்டிச்செடி முன்னால், அல்லிக்கிழங்கு ஓரத்தில். ஒவ்வொரு செடியின் காலடியிலும் வழவழப்பான கூழாங்கற்கள். எப்போதோ வெள்ளத்தில் வந்த வாகைக் கட்டை ஒன்று பாறையில் சாய்ந்து கிடந்தது. அதன் முன்னால் வெள்ளை மணலைப் பரப்பினாள். சற்றுப் பின்னால் நகர்ந்து பார்த்தாள். ஒரு கல்லை இந்தப் பக்கம் தள்ளினாள். பிறகு அந்தப் பக்கமே தள்ளினாள்.

"அழகாக இருக்கிறது, போதும்" என்றது நண்டு. "ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இடம் மாறின செடிக்குப் பழைய இலை அழுகி விழும். விழட்டும். கீழே வேர் விட்ட பிறகு புது இலை வரும். அதுவரைக்கும் வாயை வைக்காதே."

"வேர் விட்டதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும், அண்ணே?"

"தெரியாது."

"தெரியாமல் எப்படி இருப்பது?"

"இருக்கத்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டு நண்டு வளைக்குள் போய்விட்டது.

இரண்டு நாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் ஒரு கொட்டி இலை பழுப்பேறிக் குழைந்து கிடந்தது. அவள் அதையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன விரால் அக்கா, செடி வாடுகிற மாதிரி தெரிகிறதே?"

மீன்கொத்திதான்.

"உனக்கு என்ன வந்தது? போடா!" என்றாள் விரால்.

"எனக்கு ஒன்றும் இல்லை, அக்கா. மேலேயிருந்து பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை. வேர் பிடிக்கவில்லையோ என்னவோ. ஒன்றே ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்."

மீன்கொத்தி எதிரி என்பதை அவள் மறக்கவில்லை. ஆனால் விடியற்காலையிலிருந்து அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததையே அது வாயால் சொல்லிவிட்டது. ஒரு செடியைக் கவ்வி இழுத்தாள். அது சுலபமாக வந்துவிட்டது. நுனியில் வெள்ளையாக, ஒரு மயிரிழை அளவுக்கு வேர்.

"இவ்வளவுதானா!" என்று பதறினாள். மறுபடி ஊன்றினாள். ஒன்று இப்படி என்றால் மற்றது எப்படியோ? அதையும் இழுத்தாள். மத்தியானத்துக்குள் எல்லாச் செடிகளையும் இழுத்துப் பார்த்து, எல்லாவற்றையும் திரும்ப நட்டு முடித்தாள். தண்ணீர் சேறாகக் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து அதுவே அவளுக்கு வேலையாகிவிட்டது. தினம் பொழுது விடிந்ததும் மீன்கொத்தி, "இன்றைக்கு எப்படி, அக்கா?" என்று கேட்கும். அவள் பிடுங்கிப் பார்ப்பாள். வேர் நேற்றைவிடக் குறைந்திருக்கும். கவலை நேற்றைவிடக் கூடியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து வெளியே வந்த நண்டு, மிதக்கிற செடிகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது.

"செடியா வளர்க்கிறாய்? தினம் அதைத் தூக்கில் போட்டு இறக்குகிறாய்!"

"கோபப்படாதீர்கள், அண்ணே. ஒரு தடவை பார்த்தால் மனசு அடங்கும் என்று..."

"அடங்கியதா?"

அவள் மிதந்த செடி ஒன்றைக் கவ்வி மறுபடி ஊன்றப் போனாள்.

நண்டு ஒரு கொட்டிக்கிழங்கை எடுத்தது. வாகைக் கட்டைக்கும் பாறைக்கும் நடுவே இருந்த குறுகலான இடுக்கில் இறங்கி, அதை நட்டுவிட்டு வெளியே வந்தது.

"ஐயோ, அங்கே ஏன் நட்டீர்கள்? என் தலை அதற்குள் நுழையாதே!"

"நுழையாது என்றுதான் அங்கே நட்டேன்."

மற்ற செடிகளைவிட, பார்க்க முடியாத அந்த ஒரு செடியைப் பற்றித்தான் அவளுக்குப் பெருங்கவலை. "கட்டையைப் புரட்டிப் போட்டுப் பாரேன், அக்கா" என்று மீன்கொத்தி தூண்டிவிட்டது. பகல் முழுக்க முட்டி மோதினாள். மூக்கு தோல் உரிந்ததே தவிர, கட்டை அசையவில்லை.

நாள்கள் ஓடின. மற்ற செடிகளை அவள் தினமும் பிடுங்கிப் பிடுங்கி ஊன்றிக்கொண்டுதான் இருந்தாள். முட்டை இட்டாள். குஞ்சுகள் பொரிந்தன. சிவப்பு நூல்கண்டு உருளுவதுபோல எல்லாம் ஒரே கூட்டமாக அவளைச் சுற்றிச் சுற்றி வந்தன.

ஒரு நாள் மலைப்பக்கம் கோடைமழை பெய்து, ஓடையில் புதுத் தண்ணீர் வந்தது. பெரிய வெள்ளமெல்லாம் இல்லை. இருந்தாலும் விரால் நட்டிருந்த செடிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே வந்தன. மிதந்தன. வழிந்த தண்ணீரோடு குட்டையை விட்டே போய்விட்டன. அவள் பின்னாலேயே ஓடி இரண்டைக் கவ்வினாள். வாய்க்குள் வெறும் அழுகல் தண்டுதான் மிஞ்சியது.

மறுநாள் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்தது. மீன்கொத்தி இறகைக் கோதிக்கொண்டது.

"அக்கா, இப்போது உன் வீடு நல்ல விசாலமாக இருக்கிறது!"

சொல்லி முடிக்கவில்லை. விருட்டென்று பாய்ந்து ஒரு குஞ்சைக் கொத்திக்கொண்டு போனது. விழுங்கிவிட்டு மறுபடி பாய்ந்தது. விரால் துள்ளி அதன் மேல் விழுந்தாள். அதற்குள் இன்னொன்றும் போய்விட்டது.

"ஐயோ, என் பிள்ளைகளை எங்கே ஒளிப்பேன்!"

"இடுக்கு! இடுக்குக்குள் ஓட்டு!" என்று கத்தியது நண்டு.

"அங்கே வேர் பிடித்ததோ என்னவோ, நான் பார்க்கவே இல்லையே!"

"நீ பார்க்கவில்லை என்பதால்தான் சொல்கிறேன். ஓட்டு!"

அவள் குஞ்சுகளை வாலால் அடித்து விரட்டினாள். சிவப்புக் கூட்டம் கட்டைக்கும் பாறைக்கும் நடுவே நுழைந்தது. நுழைந்ததும் காணாமல் போனது. அங்கே கொட்டிச்செடி திரைபோல அடர்ந்து, சுருள் சுருளாகப் புது இலைகளை விட்டு நின்றிருந்தது.

மூன்றாம் தடவை பாய்ந்த மீன்கொத்தியின் அலகில் ஓர் இலைதான் அகப்பட்டது. வெறியோடு இழுத்தது. இலை அறுந்தது. செடி அசையவில்லை. மறுபடி பாய்ந்தபோது அலகு கட்டையில் இடித்து, கண் இருண்டு, எப்படியோ கிளைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கோடையில் அது வேறு குட்டைக்குக் குடிபோய்விட்டது.

விரால் இடுக்கின் வாசலில் வெகுநேரம் காவல் நின்றாள். உள்ளே குஞ்சுகள் இலைக்கு இலை தாவிக்கொண்டிருந்தன. ஓர் இலை மட்டும் அவள் வாய்க்கு எட்டுகிற தூரம் வளர்ந்திருந்தது.

"அண்ணே, இதன் வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? நானும் பார்க்கவில்லை" என்றது நண்டு.

அவள் வாயைத் திறந்தாள். இலைக்குப் பக்கம் வரைக்கும் கொண்டுபோனாள். பிறகு மூடிக்கொண்டாள்.

நீதி: வேர் விட்டதா என்று தினம் பிடுங்கிப் பார்ப்பவருக்கு எந்தச் செடியும் வேர் விடாது.