இலுப்பைக் குழியை மறந்த கரடி

மலையடிவாரக் காட்டில் மொத்தன் என்ற கரடி இருந்தது. அங்கே ஒரு பாறைக் குழியில் இலுப்பைப் பூக்கள் விழுந்து, ஊறிப் புளித்துக் கிடக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் தலை கிறுகிறுக்கும். விடிந்தால் போதும், மொத்தன் அங்கேதான் போய் நிற்கும்!

ஒருநாள் மூக்குமுட்டக் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்து, ஒரு வளையின் வாசலில் தொப்பென்று விழுந்தது. வாசல் இடிந்து மூடிக்கொண்டது. உள்ளே செண்டு என்ற முள்ளம்பன்றியின் இரண்டு குட்டிகள்!

"எழுந்திரு, தடியா! என் பிள்ளைகள் உள்ளே!" என்று செண்டு ஓடிவந்து அலறியது.

மொத்தனுக்குப் போதை சட்டென்று இறங்கியது. நீண்ட நகங்களால் மண்ணை வாரி வாரி இறைத்தது. குட்டிகள் தும்மிக்கொண்டே வெளியே வந்தன. மொத்தன் ஓவென்று அழுதது.

செண்டுவுக்குக் கோபம் பாதி தணிந்தது. "இந்தப் பாழாய்ப்போன தண்ணீரை ஏன்தான் குடிக்கிறாய்?"

"சின்ன வயதில் அம்மா எனக்கு வயிறு நிறையக் கறையான் தந்தாள். ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பக்கத்தில் போனால் திரும்பிப் படுத்துக்கொள்வாள். இதைக் குடித்தால்தான் உள்ளே கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறது!"

"அப்படியா? இனிக் குடிக்கத் தோன்றினால் இங்கே வந்து பேசு. கட்டிப்பிடிக்க மட்டும் வராதே, குத்தும்!"

அழுகைக்கு நடுவே மொத்தன் சிரித்துவிட்டது.

மறுநாளே வந்தது. குடிக்காததால் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தது. ஆனாலும் தினமும் வந்தது. பிறகு ஒருநாள் ஆசை மீறிக் குழியில் வாயை வைத்துவிட்டது! செண்டுவும் இனி முகம் கொடுக்காது என்று பயந்து புதருக்குள் ஒளிந்துகொண்டது.

மாலையில் புதர் சலசலத்தது. செண்டுதான்!

"இங்கேயா இருக்கிறாய்? பிள்ளைகள் உன்னைத் தேடுகிறார்கள்!"

"குடித்துவிட்டேன், செண்டு."

"சரி, அதையும் வந்து சொல்லவேண்டியதுதானே? நட!"

மொத்தன் நடந்தது. அதன்பிறகு எதையும் ஒளிக்கவில்லை.

அடுத்த கோடையில் காடெங்கும் இலுப்பை மணத்தது. மொத்தனுக்கு நாக்கு ஊறியது. "செண்டு! எனக்குக் குடிக்கத் தோன்றுகிறது!" என்று காடே அதிரக் கத்திக்கொண்டு ஓடி வந்தது.

"அட, காது கிழிகிறது! வா, ஓடைக்குப் போகலாம்!"

ஓடையில் மொத்தன் தண்ணீரை வாரியடித்தது. குட்டிகள் கீச்சிட்டுக்கொண்டு கரையில் ஓடின. பொழுது சாய்ந்தபோதுதான் மொத்தனுக்கு உறைத்தது.

"செண்டு! குழியை நான் மறந்தே போனேன்!" என்று சேறு தெறிக்கக் குதித்தது.

சிறுவயதில் கிடைக்காத அன்பைப் போதையில் தேடாமல், நம்மைத் தேடி வருபவரிடம் மனம்விட்டுச் சொன்னால், தவறி விழுந்தாலும் மீண்டு எழலாம்.