ஒட்டகங்களுக்குப் போன புல்வெளி

செம்மண் காட்டில் நாச்சி என்றொரு ஆமை இருந்தது. ஏரியோ வெகு தூரம். நாச்சியின் நடைக்கு ஒரு பகல் போதாது. ஆனாலும் அது கவலைப்பட்டதில்லை. தினமும் காலையில் யானை வரும். முயல், எலி, ஓணான், முள்ளம்பன்றி என்று முப்பது பேரை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போய்த் திரும்பும். பொதுப் புல்வெளியில் மேய்வதுதான் அதற்குக் கூலி.

சிறுத்தையும் கரடியும் நரியும் யானைமேல் ஏறமாட்டார்கள். ஆளுக்கொரு குதிரை! குளம்படிப் புழுதி காட்டையே மூடியது. குஞ்சு குட்டிகளெல்லாம் இருமின.

சிங்கராஜா சபையைக் கூட்டியது. மந்திரி நரி எழுந்தது.

"அரசே! ஒட்டகத்தின் பாதம் மெத்தை மாதிரி. புழுதியே கிளம்பாது! ஒட்டகம் வைத்துக்கொள்பவர்களுக்குப் பொதுப் புல்வெளியைப் பங்கிட்டுக் கொடுப்போம். காடு சுத்தமாகிவிடும்!"

"அப்புறம் யானை எதைத் தின்னும்?" என்று கேட்டது நாச்சி.

"நீயும் ஓர் ஒட்டகம் வாங்கிக்கொள்ளேன்!" என்றது நரி.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நாச்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சிங்கமும் தலையாட்டிவிட்டது. புல்வெளியைச் சுற்றி வேலி எழுந்தது. யானை பத்து நாள் பட்டினியோடு சுமந்தது. பதினோராம் நாள் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. "இனி என்னால் ஆகாது, நாச்சி" என்று சொல்லிவிட்டு மலைப்பக்கம் போய்விட்டது.

ஒட்டகங்கள் வந்தன. சிறுத்தை இரண்டு வாங்கியது. பழைய குதிரையையும் விடவில்லை! ஓர் ஒட்டகம் கிளப்பும் புழுதி குறைவுதான். நூறு ஒட்டகங்கள் கிளப்பினால்? ஏரிப் பாதை பிதுங்கியது. சின்னஞ்சிறு பிராணிகள் ஓரத்தில் ஒண்டி நடந்தன. ஒருநாள் முயலின் கடைசிக் குட்டி ஓர் ஒட்டகத்தின் காலடியில் நசுங்கிச் செத்தது.

"ஓரமாகப் போகத் தெரியாதா?" என்று மேலிருந்து கத்திவிட்டுப் போனது கரடி.

நாச்சி அழவில்லை. நேரே போய்ப் பாதையின் நடுவில், செத்துக் கிடந்த குட்டியின் பக்கத்தில் படுத்தது. "எல்லாரும் வாருங்கள்! ஒருவரும் நகரக் கூடாது!" என்றது. முள்ளம்பன்றிகள் முட்களை விரித்துக்கொண்டு வரிசையாகப் படுத்தன. ஒட்டகங்கள் கால் வைக்கப் பயந்து நின்றன.

தாகத்தோடு ஒட்டகத்தில் வந்த சிங்கம், "விலகு!" என்று கர்ஜித்தது.

"விலகமாட்டேன்! முப்பது பேரைச் சுமந்த யானையைப் பட்டினி போட்டுத் துரத்தினீர்கள். ஒருவர் மட்டும் ஏறிப்போகும் ஒட்டகத்துக்கு விருந்து வைத்தீர்கள். இதுதான் காட்டைக் காப்பாற்றும் லட்சணமா? இந்தக் குட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள்!"

"அரசே, மெத்தைப் பாதம்..." என்று ஆரம்பித்தது நரி.

"வாயை மூடு!" என்றது சிங்கம். குட்டியைப் பார்த்தது. உச்சிவெயில் ஏறியது. ஒருவரும் அசையவில்லை. கடைசியில், "வேலியைப் பிடுங்குங்கள்" என்றது.

எட்டாம் நாள் யானை எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது. எல்லாரும் ஓடிப்போய் ஏறினார்கள். முயல் மட்டும் வரவில்லை. அந்தப் பாதையைப் பார்க்கவே அதற்கு மனம் வரவில்லை.

ஊரையே சுமப்பதைப் பட்டினி போட்டுவிட்டு, சிலரின் தனிச் சவாரிக்குப் பொதுச் சொத்தை வாரி இறைக்கும் ஆட்சி, எவ்வளவு சுத்தம் பேசினாலும் காட்டைக் காப்பாற்றாது.