குன்றிமணி கட்டிய வால்

பறவையும் நண்டும் வாய்விட்டுப் பேசி, பேசிய வேகத்தில் சண்டையும் போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், பனிமலை நாட்டிலிருந்து தூவி என்றொரு குருவி தன் கணவன் சேணனோடு தென்திசைக்கு வந்தாள். நம் பக்கம் அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை. அப்போதெல்லாம் அவள் இனத்துக்கு வால் ஆடாது. அது பாட்டுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

மலையும் ஆறும் தாண்டிப் பறந்ததில் சேணன் ஒரு குளக்கரைக் கருவேல மரத்தடியில் சுருண்டு விழுந்துவிட்டான். நாலு புழு உள்ளே போகாவிட்டால் பொழுது சாய்வதற்குள் ஆள் போய்விடுவான். புழுவெல்லாம் குளத்துச் சேற்றில் இருந்தது. குளத்துக்குக் காவல் ஒரு நெட்டை நாரை. கட்டணம் வாங்காமல் அது யாரையும் இறங்க விடாது.

தூவி சிறகிடுக்கிலிருந்து எட்டுத் தேவதாரு விதைகளை எடுத்து அதன் முன் வைத்தாள். அவள் ஊரில் அந்த எட்டுக்கு ஒரு ஓடையையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

“என்னம்மா இது?” என்றது நாரை.

“பணம்ங்க ஐயா.”

“இங்க செல்லாதும்மா. ஜோடிக்கு ஒரு குன்றிமணி. வரப்புல நண்டு இருக்கும், மாத்திட்டு வா.”

தூவி ஓடினாள். வளை வாசலில் உட்கார்ந்திருந்த நண்டு விதைகளைப் புரட்டிப் பார்த்தது.

“காலையில வந்திருந்தா நாலு விதைக்கு ஒரு மணி. வெயில் ஏறிடுச்சு, ஆறு. ஈரமா இருக்கு, அதனால ஏழு. என் கூலி ஒண்ணு. சரியாப் போச்சா தாயி?”

தூவி தலையாட்டினாள். எப்படிச் சரியாகப் போனது என்று கேட்டிருந்தால் நண்டே திருதிருவென்று விழித்திருக்கும்.

“அலகுல மட்டும் வச்சுக்காதே. கடிபட்டா விஷம்” என்று சொல்லிவிட்டு அது வளைக்குள் இறங்கிவிட்டது.

விஷத்தையா இவர்கள் பணம் என்கிறார்கள்! தூவிக்குத் தலை சுற்றியது. சிலந்தி இழையால் மணியை வாலடியில் கட்டிக்கொண்டாள். இரண்டடி நடந்தாள். விழுந்துவிட்டதோ? வாலைத் தூக்கிப் பார்த்தாள். இருந்தது. மறுபடி இரண்டடி, மறுபடி சந்தேகம். பறந்தால் இழை அறுந்துவிடுமோ என்று வரப்பு நெடுக நடந்தே வந்தாள்.

சேணனைத் தோளில் சாய்த்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு வந்ததும், கடைசியாக ஒரு தடவை வாலை உதறிப் பார்த்தாள். இழை அறுந்தது. மணி அவள் முதுகுக்குப் பின்னால் பறந்து போய்க் குளத்தில் விழுந்தது.

“சரி, ரெண்டு பேரும் உள்ளே போங்க” என்றது நாரை.

“நான் இன்னும் கொடுக்கவே இல்லையே ஐயா!”

“அதான் போட்டுட்டியே. குளத்துல விழுந்தா வந்த மாதிரிதான்.”

தூவி வாலைத் தூக்கினாள். மணியைக் காணோம். அவள் ஊரில் பணம் கொடுப்பவர் அலகிலிருந்து வாங்குபவர் அலகுக்குப் போக வேண்டும். வாங்கியவர் ‘பெற்றேன்’ என்று மூன்று முறை கூவ வேண்டும். இங்கே யாரும் வாங்கவில்லை, யாரும் கூவவுமில்லை. நாரை கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்றுவிட்டது.

அதற்குள் சேணன் சேற்றில் இறங்கி ஏழெட்டுப் புழுவை விழுங்கியிருந்தான். அவன் கண்ணில் வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்துத் தூவி அழுதேவிட்டாள்.

“ஏங்க, நாம பணத்தைக் கொடுத்தோமா, தொலைச்சோமா?”

“எனக்கென்ன தெரியும் தூவி? நீ முதல்ல சாப்பிடு.”

அவளும் சாப்பிட்டாள். ஆனால் இரண்டு புழுவுக்கு ஒரு தடவை திரும்பி வாலைப் பார்த்துக்கொண்டாள். அவளைப் பார்த்துச் சேணனும் தன் வாலைத் தூக்கிப் பார்த்தான், ஒருவேளை தன்னிடம் இருக்கிறதோ என்று.

வாலாட்டிக் குருவி ஆண்டுதோறும் பனிக்காலத்தில் நம் குளக்கரைக்கு வந்து, நடந்து நடந்து வாலைத் தூக்கிப் பார்ப்பது அன்று முதல்தான். மணி இருந்தால் இன்னும் கட்டணம் கட்டவில்லை. இல்லாவிட்டால் தொலைத்துவிட்டது. இரண்டில் எது தேவலை என்று அதற்கு இன்றுவரை விளங்கவில்லை.