ஒருத்தர் கூட இருக்கக் கூடாது

ராமேசுவரம் போகிற பாதையில் ஒரு சத்திரம். அங்கே சமைப்பது, பெருக்குவது, விளக்கேற்றுவது எல்லாமே வீராயிதான். ஒரு நாள் பொழுது சாயும் நேரம், அடைமழை. சத்திரம் கொள்ளாமல் யாத்திரைக்காரர்கள். பந்திக்கு இலை போடப் போகிற சமயத்தில் ஜமீன் காரியஸ்தர் நரசிங்கராயர் பல்லக்கில் வந்து இறங்கினார்.

"நான் தங்குகிற கூரைக்குக் கீழே வேறு ஒருத்தரும் இருக்கக் கூடாது. எல்லாரையும் வெளியே அனுப்பு. இல்லையென்றால் நாளைக்கு உனக்கு இங்கே வேலை இல்லை!"

கைக்குழந்தைக்காரிகள் அழாத குறை. வீராயி கும்பிட்டாள். "ஒருத்தர் கூடவா சாமி?"

"காது கேட்கலையா? ஒருத்தர் கூட!"

"உத்தரவு" என்றாள். யாத்திரைக்காரர்களைப் பின்னாலிருந்த பெரிய மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பினாள். பல்லக்குத் தூக்கிகளைப் பார்த்து, "ஐயா சொன்னது காதில் விழுந்ததா? கிளம்புங்க" என்றாள். அவர்கள் குழம்பையும் ரசத்தையும் சுமந்துகொண்டு சந்தோஷமாகப் போனார்கள். ராயரின் எடுபிடியும் போனான். கடைசியில் சோற்றுப் பானையை இடுப்பில் வைத்து, விளக்கையும் எடுத்துக்கொண்டு தானும் போய்விட்டாள்.

ராயர் ஈர வேட்டியோடு இருட்டில் நின்றார். "யாரங்கே! விளக்கு! சாப்பாடு!"

"உள்ளே வர உத்தரவு இல்லையே சாமி!" கொட்டகையிலிருந்து பல்லக்குத் தூக்கிகள் குரல் கொடுத்தார்கள். கூடவே ரசத்தின் வாசனையும் வந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு ஒரு இலை இருக்குமா தாயே?"

வீராயி பந்தியின் கடைசியில் இலை போட்டாள்.

"உட்காருங்க சாமி. இங்கேயிருந்து யாரையும் வெளியே அனுப்பச் சொல்லி எனக்கு இன்னும் உத்தரவு வரலை."