சுற்றுவழியில் போன யானைக் கூட்டம்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், பெரிய யானைக் கூட்டம் ஒன்றுக்கு மேகலை என்ற யானை தலைவியாக இருந்தாள். அந்தக் கோடையில் அவர்களுடைய குளம் வற்றிக்கொண்டே வந்தது. குட்டிகள் துதிக்கையை விட்டு உறிஞ்சினால் சேறுதான் வந்தது.

மலைக்கு அப்பால் வற்றாத ஆறு ஒன்று ஓடியது. மேகலை தனியே போய் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள்.

"நாளைக் காலையில் எல்லோரும் ஆற்றங்கரைக்குக் குடிபெயர்கிறோம்!" என்று அறிவித்தாள்.

விடிந்ததும் முன்னே நடந்தாள். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அவசரக்காரி சிட்டுவைத் தவிர ஒருவரும் அசையவில்லை. மற்றவர்கள் பிடிவாதக்காரி வல்லியின் பின்னால் நின்றிருந்தார்கள். தாய் யானைகளுக்கு வல்லி சொன்னால் சொன்னதுதான்.

"இத்தனை வருஷம் இந்தக் குளம்தான் நம்மைக் காப்பாற்றியது. நான் வரமாட்டேன்," என்றாள் வல்லி.

"வராதவர்கள் கிடக்கட்டும் அக்கா! நாம் போவோம்," என்றாள் சிட்டு.

மேகலைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அதட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு குட்டி தாகத்தால் தள்ளாடி விழுந்தது. மேகலை அதைத் தூக்கி நிறுத்தினாள். கோபத்தை விழுங்கிக்கொண்டு வல்லியின் அருகே போய் நின்றாள்.

"வல்லி, 'வா, வா' என்றேனே தவிர, ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை. சொல், உனக்கு என்ன பயம்?"

வல்லி மலைப்பக்கம் துதிக்கையை நீட்டினாள்.

"அந்த வழியில் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறதே, இந்தக் கூட்டத்துக்கு வருமுன் என் முதல் குட்டியை அங்கேதான் பறிகொடுத்தேன். நீ தனியாகத் தாண்டிவிட்டாய். குட்டிகள் எப்படித் தாண்டும்?"

மேகலை திடுக்கிட்டாள். அதை அவள் நினைத்தே பார்க்கவில்லை.

"வேறு வழி உண்டா?"

"உண்டு. வறண்டு கிடக்கும் ஓடையோரமாகச் சுற்ற வேண்டும். அரை நாள் கூடுதலாகும்."

"ஆகட்டும். நீ முன்னால் நட. நான் குட்டிகளோடு கடைசியில் வருகிறேன்."

வல்லி நடந்தாள், கூட்டமே நடந்தது. "சுற்றுவழியா!" என்று முணுமுணுத்தபடி சிட்டுவும் நடந்தாள். சோர்ந்த குட்டியை மேகலை துதிக்கையால் தாங்கித் தாங்கி அழைத்து வந்தாள்.

மறுநாள் பொழுது சாயுமுன் சலசலவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குட்டிகள் பிளிறிக்கொண்டு ஓடி ஆற்றில் விழுந்தன. மேகலை பார்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"என்ன நிற்கிறாய்? குடி!" என்று வல்லி அவள் முதுகில் தண்ணீரைப் பீச்சினாள்.

நீதி: உடன் வர மறுப்பவரை அதட்டாதே, ஏன் என்று கேள், நீ காணாத பள்ளத்தை அவர் கண்டிருக்கலாம்.