கடைசியில் நடந்த அப்பா

ஒரு காட்டில் வெயில் காலம் வந்தால் போதும், காட்டெருமைக் கூட்டம் வரிசை கட்டி ஆற்றுக்குக் கிளம்பிவிடும். கன்றுகள் நடுவில் நடப்பதுதான் அங்கே வழக்கம். சுழியன் என்ற கன்று மட்டும் தலைவி எருமையோடு எல்லாருக்கும் முன்னால் நடப்பான்.

அவனுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. திடீரென மூச்சு முட்டும், நெஞ்சு விசிலடிக்கும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். அவன் வளர்ந்தான், இழுப்பும் கூடவே வளர்ந்தது.

அவன் அப்பா கூட்டத்திலேயே பலசாலி. ஆனால் வரிசையின் கடைசியில்தான் வருவார்.

ஒருநாள் ஆற்றங்கரையில் நரி வந்து சுழியனிடம் நலம் விசாரித்தது. இப்படி மெலிந்துவிட்டாயே என்று உச்சுக்கொட்டியது. பிறகு காதோரம் குனிந்தது.

"மத்தக் கன்றுங்க அப்பாவை உரசிக்கிட்டு நடக்குதுங்க. உங்கப்பா மட்டும் ஏன் தம்பி அவ்வளவு தள்ளி வர்றாரு? உன் விசில் சத்தம் காதுல விழக்கூடாதுன்னுதான். எனக்கென்ன, மனசு கேட்கலை, சொன்னேன்."

அன்றிலிருந்து சுழியனின் மனதில் எறும்பு ஊறியது. அப்பா தலைவியிடம் மெதுவாகப் பேசினால், தன்னைத் துரத்தத்தான் பேசுகிறார் என்று நினைத்தான். ஆற்றுக்கு வந்ததும் அவர் உடனே தன்னிடம் வராமல் முதலில் தண்ணீரில் முங்குவதையும் கவனித்தான். அதுவும் தப்பாகவே பட்டது.

புதருக்குள் ஒளிந்திருந்து, கடைசியில் வரும் அப்பாவைப் பார், அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று நரி வழி சொன்னது. அப்பாவின் மேல் அத்தனை சந்தேகப்பட்டவனுக்கு, நரிக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்ற சந்தேகம் மட்டும் வரவில்லை, பிள்ளைகளே.

மறுநாள் சுழியன் நழுவிப் புதருக்குள் பதுங்கினான். கூட்டம் கடந்து போனது. அத்தனை குளம்புகளும் கிளப்பிய புழுதி கண்ணை மறைத்தது. அந்தப் புழுதிக்குள் அப்பா, இமைகளை இடுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தபடி நடந்து போனார்.

கூப்பிட வாயைத் திறந்தான். புழுதி நெஞ்சை அடைத்தது. கால்கள் மடங்கின.

"கன்று இங்கே கிடக்குது அண்ணே, வாங்க" என்று நரி யாரையோ அழைத்தது. புதர் விலகியது. சிறுத்தை.

அவ்வளவு குளம்புச் சத்தத்திலும் அந்த மெல்லிய விசில் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. திரும்பிப் பாய்ந்து வந்தார். சிறுத்தை மரமேறியது. கொம்பில் சிக்கிய நரி முள்புதரில் போய் விழுந்தது.

அப்பா அவனை மெல்ல நல்ல காற்றுள்ள மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே நின்றார். அவர் பின்தொடையில் நகக்கீறல்கள், பழையதும் புதியதுமாக.

"நான் நடக்கிற முன்வரிசையில இந்தப் புழுதியே இல்லையேப்பா" என்றான் சுழியன்.

"அது நான் நடந்த இடம். உனக்காகத் தலைவிகிட்ட கெஞ்சிக் கேட்டேன். அதுக்குப் பதிலா கடைசி இடத்தை ஏத்துக்கிட்டேன். மேல ஒட்டின புழுதி உனக்கு ஆகாதுன்னுதான் தண்ணியில முங்கிட்டு உன்கிட்ட வருவேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ நிம்மதியா நடப்பியா? என்னையே திரும்பித் திரும்பிப் பார்ப்பே."

அடுத்த நாளும் சுழியன் முன்னால்தான் நடந்தான். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கடைசியில் வருபவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே மூச்சு விட்டான்.

நீதி: தள்ளி நிற்பவரெல்லாம் வெறுத்து நிற்பவர் அல்லர், கோள் பேச்சைக் கேட்டு, பெற்றோரைச் சந்தேகிக்காதே.